இருபது நாள் மாத்திரை

மேலே 'மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. அனுப்புநர் இடத்தில் பழ. அடைக்கலம், தலைமையாசிரியர், அடைப்புக்குறிக்குள் ஓய்வு. ஓய்வு என்பதைச் சின்னதாகப் போட்டால் போதும்.

மனு எழுதத் தெரியாமல் உங்களிடம் வந்து உட்காரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். அதில் பத்தொன்பது வருடம் தலைமையாசிரியர். பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா, ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். போன திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் பதினான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தேன். ஒரு இடத்தில் அடித்தல் திருத்தல் கிடையாது. கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தது. படிக்கவில்லை, தூக்கிப் பார்த்தது. "சார், ஒரே பக்கத்துல எழுதிட்டு வாங்க. வெளிய மனு எழுதறவங்க இருக்காங்க, அவங்களுக்கு எப்படி எழுதணும்னு தெரியும்" என்றது. எனக்குத் தெரியாதாம். சரி, போகட்டும். எழுதுங்கள்.

பொருள்: என் மனைவி உமையாளின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பு அறந்தாங்கி டாக்டர் ஜெரால்டு. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இணைப்பு.

நஷ்டஈடா? வேண்டாம். பென்ஷன் வருகிறது. எனக்கு வேண்டியது ஒரு தாள். விசாரித்தோம், தவறு டாக்டர் பக்கம், குடும்பத்தார் பக்கம் தவறில்லை என்று அரசு முத்திரையோடு ஒரு தாள். எதற்கு என்று பார்க்கிறீர்கள். உமையாள் இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லி மகள் என்னிடம் சொல்கிறாள். என்னோடு பேச்சு இல்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்து, 'படித்துப் பார்' என்று சொல்ல வேண்டும். எட்டாவது வரை படித்தவள்தான். படிப்பாள்.

சர்க்கரை அவளுக்குப் பதினாறு வருடமாக இருக்கிறது. மாத்திரை முழுக்க என் பொறுப்பு. அவளிடம் கொடுத்தால் ஒரு நாள் போடுவாள், ஒரு நாள் மறப்பாள். அதனால் பீரோவில் பூட்டி வைத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நானே எடுத்து உள்ளங்கையில் வைப்பேன். முழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்த்திருக்கிறேன். எத்தனை புருஷன்மார் இப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள். இதை மனுவில் போட வேண்டாம். தற்பெருமை ஆகிவிடும். இல்லை, போடுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து, "கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுங்க" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து சந்தை அரை கிலோமீட்டர். கூட்டுறவு வங்கி வாசலில் ஒரு தடவை, மாவு மில் வாசலில் ஒரு தடவை நின்றுவிட்டு வருகிறாள். நின்றால் வலி போய்விடுகிறதாம். நடந்தால் மறுபடி வருகிறதாம். நான் கேட்டேன், நின்றால் போய்விடுகிற வலி என்ன வலி? இந்த மாதிரி வலி நிறைய பார்த்திருக்கிறேன் தம்பி. காலையில் முதல் மணி அடித்ததும் வரும், கடைசி மணி அடித்ததும் போகும். "உனக்கு வலி இல்ல, சோம்பல்" என்றேன். அவள் மறுநாளிலிருந்து சந்தைக்குப் போகும்போது அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள்.

அப்புறம் மகள் வந்தபோது பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அன்புச்செல்வி. ஒரே மகள். கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டர். வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்னவோ பாட்டுக் கேட்கிற மாதிரி. அப்புறம் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டிப் பார்த்தார், அதே பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தார். கணுக்காலில் பிரஷர் பார்க்கிற டாக்டரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "சார், கையில இருக்கற அளவு ரத்த அழுத்தம் கால்ல இல்ல. காலுக்குப் போற குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது சீக்கிரமே வரும்" என்றார். ரத்தம் பரிசோதித்தார்கள். கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு. ராத்திரிக்கு ஒரு கொழுப்பு மாத்திரை எழுதினார், ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று எழுதினார். தினமும் நடக்க வேண்டும், வலித்தால் நிற்க வேண்டும், வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும் என்றார். "மாத்திரைய ஆயுசுக்கும் விடக்கூடாது, சரிங்களாம்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் கொடுத்தேன். மறுபடி ரத்தம் எடுத்தோம். தொண்ணூற்று இரண்டு. அந்தத் தாளில் வலது பக்கம் ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள், நூறுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். தேர்ச்சி. நான் டாக்டரிடம் காட்டி, "பாஸ் ஆகிவிட்டாள், இனி நிறுத்தலாமா" என்று கேட்டேன். அவர், "இல்ல சார், இது மாத்திரையால வந்த நம்பர். நிறுத்தினா ஏறிடும். அதுவும் இவங்களுக்கு நூறு போதாது, எழுபதுக்குக் கீழ வரணும்" என்கிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தேர்ச்சி மதிப்பெண் முப்பத்தைந்து, என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எண்பது என்றால் அது என்ன பரீட்சை? ஆளைப் பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணா?

அதன் பிறகு கொழுப்பு மாத்திரை நிறுத்தப்பட்டது.

யார் நிறுத்தியது என்று கேட்கிறீர்கள். அது மனுவுக்குத் தேவையில்லை. 'நிறுத்தப்பட்டது' என்று போடுங்கள். அரசுக் கடிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்.

சரி, சொல்கிறேன், எழுதிக்கொள்ள வேண்டாம். எண் சரியாகிவிட்டது. எண்ணுக்காகக் கொடுத்த மாத்திரை. அப்புறம் எதற்கு உடம்பில் ரசாயனத்தை ஏற்ற வேண்டும்? சர்க்கரை மாத்திரையையோ ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததையோ நிறுத்தினேனா? இல்லை. தினமும் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். எண் ஏறியிருந்தால் டாக்டர் முன்னால் தலைகுனிய வேண்டும். உங்களுக்குப் பள்ளிக்கூடத்து ஆண்டாய்வு பற்றித் தெரியுமோ என்னவோ. மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிற தேதி ஒரு மாதம் முன்பே வந்துவிடும். அந்த மாதம்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருக்கும். சுண்ணாம்பு அடிப்போம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவோம். தேசப்படம் புதிதாக வாங்கி மாட்டுவோம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் நாலைந்து இருக்கும், அவர்களை அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவோம். பத்தொன்பது வருடத்தில் என் பள்ளிக்கு ஒரு குறிப்பாணை வந்தது கிடையாது. 'மிக நன்று' என்ற சொல் இல்லாத ஆய்வறிக்கை கிடையாது. வேண்டுமானால் காட்டுகிறேன், எல்லாம் வைத்திருக்கிறேன்.

அதே ஒழுங்கைத்தான் இதிலும் கொண்டுவந்தேன். முதல் தடவை பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் தயார்ப்படுத்தினேன். பாகற்காய், கேழ்வரகுக் கூழ், மோர், கூடவே கொழுப்பு மாத்திரை. சர்க்கரை அழகாக இறங்கிவிட்டது, நூற்றுப் பதினெட்டு. கொழுப்பு இறங்கவில்லை. விசாரித்ததில், கொழுப்பு மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்று மருந்துக்கடைக்காரன் சொன்னான். அதனால் அடுத்த தடவை முதல் சரியாக இருபது நாள் முன்னால் மாத்திரையை ஆரம்பிப்பேன். தொண்ணூற்றேழு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றைந்து. ஒரு தடவைகூட நூறைத் தாண்டவில்லை. ரத்தம் கொடுத்த அன்றைக்கு அங்கிருந்து நேராக மிட்டாய்க் கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்கு இரண்டு ஜாங்கிரி வாங்கிக் கொடுப்பேன். பரிசு. அதிகாரி ஜீப் கிளம்பியதும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பதில்லையா, அப்படி. அவள் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றை வைத்துவிடுவாள். "சாப்பிடு, பாஸ்" என்பேன்.

சிரிக்காதீர்கள்.

இந்த டாக்டருடைய குணத்தைக் கேளுங்கள். ரிப்போர்ட் இவ்வளவு நன்றாக இருக்கிறது, ஒரு வார்த்தை பாராட்டினாரா? இல்லை. மறுபடி பாதத்தில் விரலை வைத்துக்கொண்டு, "நாடி முன்னவிட மங்கலா இருக்கே" என்கிறார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?" என்று அவளைக் கேட்கிறார். அவள் வாயைத் திறந்தாள். நான், "ஒரு வேளை தவறியது கிடையாது" என்றேன். "நடக்கும்போது வலி எப்படிம்மா?" அவள் என்னைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க" என்றாள். வாசலிலேயே சொல்லித்தான் கூட்டிப்போயிருந்தேன், கேட்டால் பரவாயில்லை என்று சொல், புலம்பாதே என்று. திருச்சிக்குப் போய்க் காலுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போது ஸ்கேன் எதற்கு? சீட்டு இன்னும் ஃபைலில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.

அதோடு விட்டாரா? மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை இருக்கிறதாம். இன்றைக்கு ரத்தம் எடுத்தால் மூன்று மாதமாக வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுமாம். அதை என்னிடம் சொல்லாமல், லேப் பையனிடம் சொல்லிச் சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டார். முன்னறிவிப்பு இல்லாத ஆய்வு. சர்வீஸில் யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. பத்து புள்ளி நான்கு என்று வந்தது, ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையே" என்றார். லேப் சரியில்லை என்றேன். அடுத்த தடவை லேப்பை மாற்றினேன். டாக்டரையும் மாற்றியிருக்க வேண்டும். அதுதான் நான் செய்த ஒரே தவறு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேனாவில் மை இருக்கிறதா?

போன ஆடி மாதம். பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. இருபது நாள் கணக்கில் பதினோரு நாள் மாத்திரை போயாயிற்று. புதுச் செருப்பு இடது சுண்டுவிரலில் கடித்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. கூட்டும்போது தரையில் கறை பட்டதைப் பார்த்து, என்ன என்று குனிந்து பார்த்தால் விரலோரம் புண். "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லீங்க, ஒண்ணுமே தெரியல" என்றாள். வலிக்கவில்லை என்றால் சின்னப் புண்தானே. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அவள், "டாக்டர்கிட்டக் காட்டிடலாமா" என்றாள். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லவில்லை. இன்னும் ஒன்பது நாளில் ரிப்போர்ட் வந்துவிடும். நல்ல ரிப்போர்ட்டை முன்னால் வைத்துவிட்டு, கூடவே இதையும் காட்டினால், 'சரி, சின்னப் புண்' என்று களிம்பு எழுதிக் கொடுப்பார். இப்போதே புண்ணோடு போய் நின்றால், 'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்பார். ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பின்பக்கச் சுவர் இடிந்து விழுந்தால் எந்தத் தலைமையாசிரியராவது ஓடிப்போய் அதிகாரியிடம் சொல்வானா? ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்து, வந்தவர் போன பிறகு கொத்தனாரைக் கூப்பிடுவோம்.

நான் சும்மா விடவில்லை தம்பி. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து நானே வைத்துக் கட்டினேன். தினமும். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் காலை நான் தொட்டது அந்த ஒன்பது நாள்தான். தொட்டால் கால் ஜில்லென்று இருந்தது. ஆடி வெக்கையில் ஏன் இப்படிக் குளிர்ந்து கிடக்கிறது என்று செங்கல்லைச் சூடு பண்ணித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தேன். "சூடு தாங்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "தெரியலீங்க" என்றாள். தெரியவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் சூடு பண்ணினேன். மூன்றாம் நாள் பாதம் கொப்புளம் கொண்டது. நீர் வடிந்துவிட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி முழுக்கக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொங்கப் போட்டால் தேவலையாக இருக்கிறதாம். ஏழாம் நாள் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. வேப்பிலைச் சாயம் என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் ரெண்டே நாள், பல்லைக் கடிச்சுக்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஒன்பதாம் நாள் போனோம். ரிப்போர்ட் தொண்ணூற்று நான்கு. சர்க்கரை நூற்றிருபத்தொன்று. நாலு வருடத்தில் இவ்வளவு சீரான ரிப்போர்ட்டை அந்த டாக்டர் யாரிடமும் பார்த்திருக்க மாட்டார். புண் தெரியக்கூடாது என்று அவளுக்கு வெள்ளைக் காலுறை போட்டுக் கூட்டிப்போயிருந்தேன். முதலில் ரிப்போர்ட், அப்புறம் கால். மேசையில் ரிப்போர்ட்டை விரித்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை தம்பி. அறைக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சாக்ஸைக் கழட்டுங்கம்மா" என்றார். நான், "டாக்டர், ரிப்போர்ட்டை முதலில்" என்றேன். "ரிப்போர்ட் கிடக்கட்டும் சார்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள். முதல் குற்றச்சாட்டு இதுதான். நோயாளியின் பரிசோதனை அறிக்கையைப் படிக்கவில்லை.

கழற்றும்போது காலுறையோடு தோலும் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவரே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார். திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே போகிற மூன்று குழாயும் அடைப்பு. தொடை வழியாகக் கம்பி விட்டு பலூன் வைத்துத் திறந்து பார்த்தார்கள், மறுபடி அடைத்துக்கொண்டது. விஷம் மேலே ஏறுகிறது, காலை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். எந்தக் குழாய் எப்படி அடைத்தது, எனக்குப் புரியவில்லை. ரிப்போர்ட் முழுக்க நார்மல். நார்மலாக இருக்கிற ஒருத்திக்குக் கால் எப்படிப் போகும்? இதைத்தான் ஆட்சியர் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விதான் மனு. மற்ற பதிமூன்று பக்கமும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அவள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு பெண் டாக்டர் வந்து அட்டையில் எழுதிக்கொண்டது. என்னென்ன மாத்திரை, எத்தனை வருடமாக. நான் ஆரம்பித்தேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மகள் இடையில் புகுந்து, "அப்பா, அம்மா சொல்லட்டும்" என்றாள். "அவளுக்கு என்னம்மா தெரியும், எல்லாம் நான்தானே" என்றேன். "அம்மா சொல்லட்டும்பா." அந்தப் பெண் டாக்டர் குனிந்து, "கொழுப்பு மாத்திரை தினமும் போட்டீங்களாம்மா?" என்று கேட்டது.

உமையாள் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆறு மாசத்துல இருபது நாள் குடுப்பாங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"பரிசோதனைக்கு முன்னால இருபது நாள். ரத்தம் எடுத்த அன்னிக்கு ராத்திரியிலேருந்து நிறுத்திடுவாங்க."

எண்ணியிருக்கிறாள் தம்பி. நாலு வருடமாக உள்ளங்கையில் வைத்தது எத்தனை மாத்திரை என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். நான் என்ன பேயா பிசாசா? ஆசிரியர். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவன்.

அவள் அந்த டாக்டரிடம், "விடாம சாப்பிட்டிருந்தா கால் இருந்திருக்குமா?" என்று கேட்டாள். அது சின்னப் பெண், கொஞ்சம் தயங்கி, "உறுதியா சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு நிறைய இருந்திருக்கும்" என்றது. உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லியாயிற்று. எனக்குச் சாதகமான வரி அது, கோடிட்டு எழுதுங்கள். ஆனால் உமையாள் முதல் பாதியைக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அதோடு சரி.

இரண்டு தடவை திருச்சி போய்ப் பார்த்தேன். மகள் காபி கொடுத்தாள். இவள் உள் அறையை விட்டு வரவில்லை. செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழகுகிறாளாம், டக் டக் என்று உள்ளே சத்தம் மட்டும் கேட்டது. நின்று நின்று நடக்கிறாள். இன்னொரு காலிலும் அடைப்பு இருக்கிறதாம், ஆனால் ஏறவில்லை, அப்படியே நிற்கிறதாம். "அம்மா மாத்திரையத் தலையணைக்கு அடியில வச்சிருக்காங்கப்பா. மணி அடிச்ச மாதிரி ஒன்பது மணிக்குத் தானே எடுத்துப் போட்டுக்கறாங்க. என்னைக்கூடத் தொட விடறதில்ல" என்றாள் மகள். அந்த ஒழுங்கை யார் பழக்கியது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

என்ன, கையெழுத்தா? பாதிக்கப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டுமா? கணவன் போட்டால் ஆகாதா? சிகிச்சை சம்பந்தமான மனு என்றால் நோயாளி பெயரில்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் சுகாதாரத்துறைக்கு அனுப்ப மாட்டார்கள் என்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால்?

பரவாயில்லை. இருக்கிறது. இந்தப் பைக்குள்... இதோ. வெள்ளைத் தாள், கீழே உமையாள் கையெழுத்து. பென்ஷன் வாரிசு நியமனத்துக்கு வேண்டியிருந்தபோது நாலு தாளில் வாங்கி வைத்தேன், இரண்டு செலவானது, இரண்டு மீதி. பள்ளிக்கூடத்திலும் உதவி ஆசிரியர்களிடம் விடுப்புக் கடிதம் இப்படிக் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருப்பேன், அவசரத்துக்கு ஆகும் என்று. பாருங்கள், அவள் கையெழுத்துத்தான். உ-வைச் சுழிக்கிற அழகைப் பாருங்கள். இதற்கு மேலே எழுதிவிடுங்கள். இடம் தாராளமாக இருக்கிறது.

அப்படியானால் அவள் சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும். சரி. நான் சொல்கிறேன். 'உமையாள் ஆகிய நான், வயது அறுபத்தாறு, பணிவுடன் எழுதிக்கொள்வது. என் கணவர் கடந்த பதினாறு ஆண்டுகளாக என் மருந்து மாத்திரைகளைத் தம் பொறுப்பில் வைத்து, எந்தக் குறையும் இல்லாமல் என்னைக் கவனித்து வந்தார். என் கால் போனதற்கு அவர் எந்த வகையிலும் காரணம் அல்ல.' போட்டுவிட்டீர்களா?

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்?

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரிந்தால் என்ன சொல்லப் போகிறாள்? இத்தனை வருடத்தில் நான் எழுதிக் கொடுத்ததில் அவள் ஒரு எழுத்து மாற்றச் சொன்னதில்லை. அவள் மனசில் இதுதான் இருக்கிறது தம்பி. சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் எழுதாவிட்டால் பேனாவை இப்படிக் கொடுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன். உங்கள் கூலியை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறை வைக்க மாட்டேன்.

நம்பரா? என் நம்பரைப் போடுகிறேன். அவளிடம் போன் கிடையாது.

விசாரணை என்று வந்தால் மனுதாரரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறீர்கள். தெரியும். வரட்டும். நான் கூப்பிட்டு வரவில்லை. மகள் சொல்லியும் வரவில்லை. அரசு முத்திரை போட்ட கடிதம் போனால் வந்துதானே ஆக வேண்டும்? என் பக்கத்தில்தானே உட்கார வேண்டும்? ஒரே மேசை, இரண்டு நாற்காலி. அதிகாரி கேட்பார். அவர் கேட்டால் பேசத்தானே வேண்டும். எனக்கு எதிராகவே பேசட்டும், பேசட்டும்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். படிக்கட்டுக்கு இடது பக்கம் சாய்தளம் இருக்கிறது, கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது. ஊழியர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு வரச் சொன்னால் நான் எட்டு மணிக்கே வாசலில் வந்து நிற்பேன். காரிலிருந்து இறங்கும்போது பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா.